ஆயுத பூஜைக்கு எஞ்சினைக் குளிப்பாட்டாதீர்கள்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் நம் ஆட்களுக்கு வண்டியைக் கழுவியே ஆகவேண்டும். ரங்கூனில் டாக்ஸி ஓட்டுகிறவர், குடும்பத்துக்கு ஒரு கார் வைத்திருக்கிறவர், பருப்புக் கடைக்கு மூட்டை ஏற்ற சின்ன லாரி வைத்திருக்கிறவர் என்று யாராக இருந்தாலும் முந்தின நாள் வாட்டர் சர்வீசில் விட்டுவிடுவார்கள். வெளியே கழுவினால் மட்டும் மனசு ஆறாது. பானட்டைத் தூக்கி "உள்ளேயும் நல்லா அடிப்பா" என்று சொன்னால்தான் திருப்தி. நமக்குச் சோறு போடுவது அந்த எஞ்சின்தானே, நாளைக்கு அதற்குத்தானே சந்தனம் வைக்கப்போகிறோம் என்ற நினைப்பு. அந்த நினைப்பு எனக்கும் உண்டு, அதை யாரும் விடவேண்டாம். ஆனால் அடிக்கிற விதம் தப்பு, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பல இடங்களில் நடப்பது இதுதான். ஓடி வந்த சூடு ஆறும் முன்பே எஞ்சின் மேல் டீசலையோ மண்ணெண்ணெயையோ காற்றோடு சேர்த்துப் பீய்ச்சுவார்கள். பிசுக்கு இளகும். அப்புறம் பிரஷர் பம்பில் தண்ணீர். எல்லாம் முடிந்ததும் பளபளப்புக்காக மறுபடி ஒரு கை டீசல். வண்டி வெளியே வரும்போது ரப்பர் ஹோஸ் எல்லாம் கன்னங்கரேலென்று மின்னும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த மினுமினுப்பு எண்ணெய்ப் படலம்தான். நம் ஊர்த் தூசி ஒரு வாரத்துக்குள் அதில் வந்து ஒட்டிக்கொண்டு முன்பைவிடக் கெட்டியான பிசுக்காகிவிடும்.

போன வருஷம் எங்கள் தெருவில் டொயோட்டா புரோபாக்ஸ் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் பூஜைக்கு முந்தின நாள் இப்படிக் கழுவிக்கொண்டு வந்தார். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, வண்டி உதறுதுண்ணே, ஆக்சிலேட்டர் கொடுத்தா இழுக்கவே மாட்டேங்குது" என்றார். மீட்டரில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மேல் கவரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் தருகிற காயில்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தோம். மூன்றாவது காயிலுக்குக் கீழே, ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில், தண்ணீர் தேங்கி நின்றது. துணியைச் சுருட்டி உள்ளே விட்டு ஒற்றி எடுத்து, காற்றடித்துக் காயவைத்த பிறகு சரியாகிவிட்டது. அவருக்கு அதிர்ஷ்டம், காயில் கருகவில்லை. அந்த விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அப்படியே நாலு சவாரி ஓட்டியிருந்தால் புகையைச் சுத்திகரிக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடேறிக் கெட்டிருக்கும்.

"எஞ்சின்தான் மழையிலேயே ஓடுதே, தண்ணி பட்டா என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இந்த ஊரில் பெய்கிற மழையைத் தாங்குகிற வண்டிதான், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் தெருவெங்கும் நின்று பைப்பு பிடித்து அடிக்கிறவர்களையும் தாங்குகிறதுதான். ஆனால் அது மூடிய பானட்டுக்கு வெளியே விழும் தண்ணீர், அல்லது கீழேயிருந்து சக்கரம் தெறிக்கும் தண்ணீர். அதைக் கணக்குப் பண்ணித்தான் எது எங்கே இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்துவிட்டு ஒரு சாண் தூரத்தில் மேலிருந்து பீய்ச்சுவது யாரும் கணக்கில் வைக்காத ஒன்று. வீட்டு உபயோகத்துக்கு விற்கிற பிரஷர் வாஷரே 100 பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளும், நம் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். 80 முதல் 100 பார் தண்ணீரைப் பக்கத்திலிருந்து பீய்ச்சிச் சோதிக்கிற ஒரு தரம் வாகனப் பாகங்களுக்கு இருக்கிறது, உண்மைதான், அதில் தேறுகிற வயர் கனெக்டர்களும் உண்டு. புதிதாக இருக்கும்போது! நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் 2011க்குப் பிறகு கார் இறக்குமதிக்கு அனுமதி திறந்துவிட்டபோது ஜப்பானிலிருந்து பழையதாகவே வந்து இறங்கியவை. அங்கே பத்து வருஷம், இங்கே பத்து வருஷம் சூட்டில் வெந்த ரப்பர் சீல் விறைத்துப்போய், தொட்டால் பொடியாக உதிரும் நிலையில் இருக்கும். அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போவது பெரிய விஷயமே இல்லை. போன தண்ணீர் வெளியே வருவதுதான் கஷ்டம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ரெண்டு மாசம் கழித்து கனெக்டர் பின்னில் பச்சை பிடித்து, சென்சார் கோளாறு என்று வொர்க்‌ஷாப்பில் காசு கரையும்.

டீசல் விஷயம் இதைவிட மோசம். ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ்கள் சூட்டையும் கூலன்டையும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தாங்குகிற ஒருவகை ரப்பரில் செய்தவை, பெட்ரோலிய எண்ணெய் அந்த ரப்பருக்கு ஆகாது. ஊறி உப்பும், மெத்தென்று ஆகும், பிறகு நடுவழியில் கொதிக்கக் கொதிக்க வெடிக்கும். ஃபேன் பெல்ட்டில் பட்டால் வழுக்கும், கீச்சென்று கத்தும். அப்புறம் தீ. டீசல் சுமார் 210 டிகிரியில் நெருப்பே காட்டாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஓடி வந்த வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய், அதைவிட அதிகச் சூட்டில் இருந்திருக்கும். பெட்ரோலில் துணி நனைத்துத் துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அது மட்டும் வேண்டாம். மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றும் ஆவியைக் கிளப்புகிற பொருள் அது, ரங்கூன் வெயிலில் பேட்டரி வயர் ஒன்று உரசினால் போதும்.

சரி, அப்படியானால் வீட்டில் எப்படிச் செய்வது? என் பதில், கழுவாதீர்கள், துடையுங்கள். எஞ்சினைச் சுத்தம் செய்வதே அது மின்னவேண்டும் என்பதற்காக இல்லை, எங்கே என்ன கசிகிறது, எந்த வயரை எலி கடித்திருக்கிறது, எந்த ஹோஸ் வெடித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. துடைக்கிறவன் கை ஒவ்வொரு இடத்தையும் தொடுகிறது. தண்ணீர் பீய்ச்சுகிறவன் எதையும் தொடாமலேயே கசிவின் தடயத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடுகிறான். வால்வு கவர் கேஸ்கெட் ஓரமாக ஈரமாக ஒரு கோடு, வாட்டர் பம்ப் பக்கத்தில் காய்ந்துபோன ரோஸ் நிறப் பொருக்கு (டொயோட்டா கூலன்ட் அந்த நிறம்தான்), இதெல்லாம் துடைக்கும்போதுதான் மாட்டும். அதனால் துணியை வைப்பதற்கு முன்பே போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே ஈரம், எங்கே வெறும் தூசி என்று பிறகு பார்க்க உதவும், எந்த கிளிப் எங்கே மாட்டியிருந்தது என்ற சந்தேகத்துக்கும் அதுவே பதில்.

முதலில் எஞ்சின் ஆறவேண்டும். கையை வைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் இருக்கக்கூடாது. காலையில் வண்டியை எடுக்கும் முன்பே செய்வது உத்தமம். சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேனிஃபோல்டு விரிசல் விடலாம், சோப்பும் பட்ட இடத்திலேயே காய்ந்து கறையாக ஒட்டிக்கொள்ளும். சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும், விரல் போய்விடும். பேட்டரியில் நெகட்டிவ் பக்கத்தை மட்டும் முதலில் கழற்றுங்கள், டொயோட்டாவுக்கு 10 நம்பர் ஸ்பானர். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இந்த வரிசை ஏன் என்றால், நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் பாடியில் எங்காவது இடித்தால் பேட்டரி முழுவதும் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் மறந்துபோகும், பவர் விண்டோ ஆட்டோ வேலை செய்யாமல் மறுபடி பழக்கவேண்டிவரும். அதற்காகப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

ஹைப்ரிட், அதாவது எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆரஞ்சு நிற வயர் எங்கே பார்த்தாலும் அதன் பக்கம் ஈரத் துணிகூடப் போகவேண்டாம். அது 100 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற வயர், ஆளைக் கொல்லும். ஹைப்ரிட் வண்டி சத்தமே இல்லாமல் 'ரெடி'யில் நிற்கும், எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும். அந்த வண்டிக்குக் காய்ந்த பிரஷ்ஷும் காய்ந்த துணியும் மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது குப்பை. ஈரம் என்று எதையும் தொடும் முன் காய்ந்ததை எல்லாம் எடுத்துவிடவேண்டும். வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள், சித்திரை மாசம் முதல் மழைக்குப் பிறகு படவுக் மரம் பூத்துக் கொட்டுமே, மரத்தடியில் நிறுத்திய வண்டி என்றால் அந்த மஞ்சள் பூ முழுக்க அங்கேதான் போய் அடைந்திருக்கும். தலையில் வைத்துக்கொள்கிற பூ, பார்க்க அழகு, ஆனால் மக்கி வண்டல்போல ஆகி அந்தப் பள்ளத்தின் வடிகால் ஓட்டையை அடைத்துவிடும். பெரிய மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் காருக்குள் டேஷ்போர்டுக்கு அடியில் ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையால் அள்ளிப்போட்டுவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் மெல்ல ஊற்றி கீழே இறங்குகிறதா என்று பார்த்தால் முடிந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் காய்ந்த சருகு சிக்கியிருந்தால் ஒன்றுவிடாமல் எடுங்கள், பற்றிக்கொள்ளும்.

எலி. இதைச் சொல்லாமல் போகமுடியாது. வீட்டோடு கடையும் அரிசி மூட்டையும் இருக்கிற நம் தெருக்களில் பானட்டுக்குள் எலி கூடு கட்டாத வண்டி எது? கூட்டையோ புழுக்கையையோ பார்த்தால் உடனே பெருக்கக்கூடாது, காற்றடிக்கவும் கூடாது, அந்தத் தூசி மூக்கில் ஏறும். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் கலந்த தண்ணீரைக் கூட்டின் மேல் மட்டும் லேசாகத் தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, காகிதத்தால் அள்ளிப் பையில் கட்டிப் போடவேண்டும். எலி மூத்திரத்திலிருந்து வரும் எலிக்காய்ச்சல் மழைக்காலத்தில் விளையாட்டில்லை, கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும் அதற்கு. கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வயர்களை விரலால் தடவிப் பாருங்கள், தோல் உரிந்து செம்பு தெரிந்தால் அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மறந்துவிடாதீர்கள்.

இனி மூடவேண்டியவை. ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), ஃபியூஸ் பாக்ஸ், காற்று உள்ளே போகும் வாய், காயில்கள், கம்ப்யூட்டர் பெட்டி பானட்டுக்குள் இருந்தால் அதுவும். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தருகிற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள தொண்ணூறுகளின் சன்னி, கொரோலா என்றால் முதலில் அதைத்தான் மூடவேண்டும், அந்த மூடிக்குள் துளி ஈரம் போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. காய்கறிப் பை போதும், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி ஒரு அட்டையில் எழுதி ஸ்டீரிங் மேல் வைத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டரில் கட்டிய பையை மறந்து ஸ்டார்ட் செய்தால் பெல்ட் அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும், மேனிஃபோல்டில் விழுந்தால் உருகிப் புகையும். ஆயில் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் மூடி எல்லாம் இறுக்கமா என்று ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். பிரேக் ஆயிலில் தண்ணீர் சேர்ந்தால் சூட்டில் அது ஆவியாகி, பெடல் மெத்தென்று உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. மட்கார்டின் மேல் பழைய கைலி ஒன்றை நனைத்து விரித்துவிட்டால் சோப்பு வழிந்து பெயின்டைக் கெடுக்காது.

கரைசலுக்கு எஞ்சின் டிகிரீசர் (பிசுக்கு நீக்கி) கிடைத்தால் தண்ணீரில் கலக்கிற வகையாகப் பார்த்து வாங்கி, பாட்டிலில் சொன்ன அளவைவிட ஒரு படி நீர்த்தே தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரே நிறைய வேலை செய்யும். எஞ்சின் மேல் ஊற்றவோ தெளிக்கவோ வேண்டாம், பிரஷ்ஷையும் துணியையும் அதில் நனைத்துத் தேயுங்கள். பிளாஸ்டிக் முடி உள்ள பிரஷ், பழைய டூத் பிரஷ், சந்துக்குள் போக ஒரு பெயின்ட் பிரஷ். இரும்பு பிரஷ் வேண்டாம். மேலிருந்து கீழே, ஒரு நேரத்தில் ஒரு முழ அகலம், தேய்த்த இடம் காயும் முன் வேறொரு துணியை நல்ல தண்ணீரில் பிழிந்து துடைத்துவிடுங்கள். மூன்று நான்கு துணி கறுப்பாகும், பரவாயில்லை. வருஷக்கணக்கான பிசுக்கு ஒரே நாளில் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்தில் காரமான மருந்தைத் தேடிப் போனால் அலுமினியம் வெளிறிவிடும். எங்கள் வீட்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம், காய்ந்தால் பழுப்புக் கறை விடுகிறது. அதனால் கடைசித் துடைப்புக்கு மட்டும் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை எடுப்பேன்.

பேட்டரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அதை ஊதாதீர்கள், வெறுங்கையால் தட்டாதீர்கள். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் நுரைத்து அடங்கும், அது ஆசிட்டை முறிக்கிறது. பேட்டரி மூடி ஓட்டைக்குள் அந்தத் தண்ணீர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். துடைத்துக் காய்ந்து, வயரையும் மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதைச் செய்யவேண்டும்.

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் பூச்சி ஒட்டியிருக்கும், பெகு ரோட்டில் ராத்திரி ஓடிய வண்டியில் நிறையவே இருக்கும். இங்கே மட்டும் தண்ணீர் விடலாம், செடிக்கு விடுகிற பைப்பில் மெல்ல, பின்னாலிருந்து முன்னோக்கி. பிரஷர் அடித்தால் தகடு மடங்கிக் காற்றோட்டம் அடைபடும், ஏப்ரல் வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது ஊசி மேலேறுவதற்கு இது ஒரு காரணம்.

காயவைப்பதில்தான் ஆயுத பூஜை நேரத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மழை முழுசாக விடாத சமயம், காற்றிலேயே ஈரம். ஜனவரியில் ஒரு மணி நேரத்தில் காய்வது புரட்டாசியில் அரை நாள் எடுக்கும். கரண்ட் இருந்தால் டேபிள் ஃபேனைப் பானட்டுக்கு நேரே வையுங்கள். கனெக்டர் சந்துகளைக் காய்ந்த துணியால் ஒற்றுங்கள். பைகளை எண்ணிக் கழற்றுங்கள். அப்புறம் நெகட்டிவை மாட்டி, வெட்டவெளியில் வைத்து ஸ்டார்ட் செய்து, பானட் திறந்தபடி கால் மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடாதீர்கள், புகை ஆளை மயக்கும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், பெல்ட் சுற்றும்போது துப்பட்டாவோ கைலி முனையோ பக்கத்தில் போகக்கூடாது.

துடைத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மழைக்கு நம் தெருச் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வருவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம், அந்த எண்ணெய் நம் வாசலுக்கேதான் திரும்பி வரும். அழுக்குத் தண்ணீரை வாளியில் சேர்த்து மரத்தூளில் ஊறவைத்துக் கட்டிப் போட்டுவிடலாம், துடைக்கிற முறையில் அது ஒரு வாளிக்கு மேல் தேறாது. கூலன்ட் சிந்தியிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள். அது இனிக்கும், தெருநாய் நக்கிவிட்டால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். எங்கள் தெருவில் அக்கம்பக்கத்து பர்மியர்களும் நம் வீட்டுக்காரர்களும் சேர்ந்து சோறு வைத்து வளர்க்கிற நாய்கள் அவை.

இப்போது பூஜைக்கு வருகிறேன். சந்தனம், குங்குமம் வைக்க ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி நல்ல இடம், ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் குறுக்குப் பட்டையும் சரி. பேட்டரி மேல் ஈரச் சந்தனம் வேண்டாம். பூமாலையைப் பானட்டுக்கு வெளியே கட்டுங்கள், உள்ளே வைத்து மறந்தால் பெல்ட்டில் போகும். கற்பூரம் காட்டும்போது பானட்டை மூடிவிட்டு வண்டிக்கு முன்னால் இரண்டு அடி தள்ளிக் காட்டுங்கள். ஓடி சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கிற வாயு. அந்தப் பக்கத்திலேயே முந்தின நாள் டீசல் அடித்த எஞ்சினும் இருந்து, மேலே தட்டோடு நெருப்பையும் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் போகிற இடங்களில் எல்லாம் இதைச் சொல்கிறேன், பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள், பூசாரி ஐயா கேட்டுக்கொள்கிறார். தெய்வத்துக்குப் பானட் திறந்திருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பூஜை முடிந்த ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். எஞ்சின் சுத்தமாக இருப்பதால் இனி விழும் சொட்டு புதுச் சொட்டுதான். காலையில் பார்த்தால் வெறும் தண்ணீராக இருந்தால் ஏசியுடையது, கவலை இல்லை. பழுப்பு கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில், சிவப்பாக வழவழவென்று இருந்தால் கியர் பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீரிங், ரோஸ் அல்லது பச்சை என்றால் கூலன்ட். எந்தப் பக்கம் விழுந்தது என்று அட்டையிலேயே குறித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பாதி வேலை அவருக்கு மிச்சம். சக்கரத்துக்கு உள்பக்கமாகவோ பிரேக் பெடலுக்கு நேர் கீழேயோ மெல்லிய மஞ்சள் எண்ணெய் விழுந்திருந்தால் அது பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.